ஏரிக்குள் மரம் நிற்கட்டும், கரையில் வேண்டாம்

கரை மேல் உள்ள மரத்தை வெட்டினால் பறவை வராது என்று ஒரு சாரார், வெட்டாவிட்டால் கரை நிற்காது என்று இன்னொரு சாரார். குடிமராமத்து, அதாவது ஊரார் சேர்ந்து ஏரியைச் செப்பனிடும் வேலை என்றாலே பல ஊர்களில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். வேடந்தாங்கலைப் பார்த்தால் விடை தெரியும். அங்கே நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுவது ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பில்தான். சுற்றிலும் தண்ணீர் நின்றால் நாயும் நரியும் கூட்டை நெருங்க முடியாது. அதனால் தண்ணீரைத் தாங்கும் கரை பலமாக இருந்தாலே கூடும் பிழைக்கும்.

மண்கரைக்குப் பச்சை மரத்தை விடப் பட்ட மரத்தால்தான் ஆபத்து அதிகம். வேர் மக்கினால் அந்த இடம் குழாய் போலப் பொந்தாகிவிடும். ஏரி நிறைந்ததும் தண்ணீர் அதன் வழியே மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறும். எனவே மரத்தை மேலோடு அறுத்து அடிக்கட்டையை விட்டுவிடுவது பெரிய தவறு. ஏரி வற்றிய பிறகு கட்டையையும் விரல் கனத்துக்கு மேற்பட்ட வேர்களையும் தோண்டி எடுங்கள். குழியின் பக்கங்களைப் படிபடியாக வெட்டிவிட்டு, கரையில் உள்ளது போன்ற களிமண் கலந்த மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட்டு இறுக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரம் போதும். செடியாக இருக்கும்போதே சீமைக்கருவேலத்தைப் பிடுங்கிவிட்டால் இத்தனை வேலை இல்லை. கரைக்கு அருகம்புல்லே நல்ல போர்வை. நண்டு வளை, பெருச்சாளி வளைகளின் வாயை மட்டும் அடைத்துப் பயனில்லை. வளை உள்ளே எதுவரை போகிறதோ அதுவரை வெட்டித் திறந்து, இதே முறையில் நிரப்ப வேண்டும்.

மழைக்காலத்தில் கரையின் வெளியடியையும் மதகுக் குழாயை ஒட்டிய இடத்தையும் தினமும் பாருங்கள். கசிவு தெளிவாகவும் ஒரே அளவிலும் இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். கலங்கலாக வந்தாலோ, அளவு கூடினாலோ மண் அரிபடுகிறது என்று பொருள். பதற்றத்தில் வெளிப்பக்கம் களிமண் அப்பி அடைத்துவிடாதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி வேறொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். கசியும் இடத்தின் மேல் முதலில் ஆற்று மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெருங்கல் என்று பரப்பினால் தண்ணீர் வடியும், மண் நிற்கும். தரையிலிருந்து ஊற்றுப்போல் கொப்பளித்தால், சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி உள்ளே தண்ணீர் தேங்க விடுங்கள்; ஊற்றின் வேகம் தணியும். பொறியாளருக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும்.

கூடுதல் தண்ணீருக்கு ஆசைப்பட்டு, மழை ஓயாத நாளில் கலங்கல் (ஏரி நிறைந்ததும் மிகுதி நீர் வழிந்தோடும் இடம்) மேல் மூட்டை அடுக்குவதை ஏற்கவே முடியாது. வெள்ளம் கரை மேல் வழிந்தால் மண்கரை சில மணி நேரத்தில் அறுந்துவிடும்.

கூடு கட்டும் காலம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு தொடங்கிக் கோடை வரை நீளும். ஆகவே குஞ்சுகள் பறந்த பின், ஜூன் முதல் செப்டம்பருக்குள் மண்வேலையை முடித்துவிட வேண்டும். வண்டல் எடுக்கும்போது கரையடியை ஒட்டித் தோண்டினால் உட்சரிவு சரியும். கூட்டு மரங்களின் வேர்ப்பகுதியையும் தொடக்கூடாது. மிஞ்சும் மண்ணை ஏரிக்குள் கரையிலிருந்து தள்ளித் திட்டாகக் குவித்து, நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் நட்டு வைக்கலாம்.