காவடி வீடியோவை டிவிடியாக்கும்போது தரம் எங்கே தொலைகிறது

சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவில் வரை கேம்கார்டரில் எடுத்த தைப்பூசக் காவடி, 84 நிமிடம், 1080ஐ (1080i). வீட்டுப் பெரியவர்களுக்கு டிவிடிதான் தோது. தட்டைப் போட்டால் ஓட வேண்டும். 1920×1080 படம் 720×576 ஆகும்போது புள்ளிகளில் சரியாக ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் டிவிடி அசிங்கமாக வருவதற்குப் பெரும்பாலும் காரணம் அதுவல்ல, சுருக்குகிற விதம்.

1080ஐ என்றால் ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு ஃபீல்டு, அதாவது ஒன்றுவிட்டு ஒன்றான வரிகள் கொண்ட இரண்டு பாதிப் படங்கள், 1/50 வினாடி இடைவெளியில் எடுத்தவை. அப்படியே உயரத்தைக் குறைத்தால் இரண்டும் கலந்துவிடும். காவடி சுழலும்போது மயிற்பீலி இரட்டையாகத் தெரியும். அதனால் முதலில் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது ஃபீல்டுகளைப் பிரித்து நிரப்பி, வினாடிக்கு 50 முழு ஃபிரேம் ஆக்குங்கள். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச வீடியோ மென்பொருளில் பிடபிள்யூடிஐஎஃப் (bwdif) ஃபில்டர் போதும், ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்ற மோடில். பிறகு லாங்சோஸ் முறையில் 720×576க்குச் சுருக்கி, மறுபடி ஃபீல்டுகளைப் பின்னி 25 ஃபிரேமாக இன்டர்லேஸ் செய்யுங்கள். 25 முழு ஃபிரேமோடு நிறுத்தினாலும் படம் ஓடும், ஆனால் ஆட்டத்தின் வழவழப்பு போய்விடும். இன்டர்லேஸ் செய்யும்போது மேலும் கீழுமாக லேசான மென்மையும் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வேட்டிக் கரை போன்ற மெல்லிய கோடுகள் மினுமினுக்கும்.

ஃபீல்டு வரிசை மேல் ஃபீல்டு முதலில். பழைய டிவி (DV) கேம்கார்டர் டேப் பழக்கத்தில் கீழ் ஃபீல்டு என்று வைத்துவிட்டால் நடப்பவர்கள் முன்னும் பின்னுமாக உதறுவார்கள். கணினியில் இது பெரும்பாலும் தெரியாது, தொலைக்காட்சியில்தான் பிடிபடும். நிறத்தையும் எச்டிக்கான பிடி 709 (BT.709) அளவிலிருந்து டிவிடிக்கான 601க்கு மாற்றுங்கள், படம் அகலத் திரை என்று பிளேயருக்குச் சொல்லும் 16:9 குறியையும் மறக்காதீர்கள்.

பிட்ரேட், அதாவது வினாடிக்கு எத்தனை பிட் என்ற கணக்கு எளிது. 4.7 ஜிபி தட்டு 37,600 மெகாபிட். 84 நிமிடம் 5,040 வினாடி, வகுத்தால் வினாடிக்கு 7.46 மெகாபிட். நான்கு விழுக்காடு ஓரம் விட்டு, ஏசி3 (AC-3) என்ற சுருக்கிய ஒலிக்கு 0.224 கழித்தால் 6.9 மெகாபிட் மிஞ்சும். இரண்டு பாஸ் (முதலில் அளந்து, பிறகு சுருக்குவது), சராசரி 6.8, உச்சம் 9. படத்துக்கு 9.8 வரை அனுமதி இருந்தாலும் எரித்த தட்டில் அந்த எல்லையைத் தொட்டால் சில பிளேயர்கள் திக்கும். சுருக்காத பிசிஎம் (PCM) ஒலி 1.5 மெகாபிட்டைத் தின்றுவிடும், வேண்டாம். எஃப்எஃப்எம்பெக்கின் 'பால் டிவிடி' (pal-dvd; பால் என்பது வினாடிக்கு 25 ஃபிரேம் டிவி முறை) முன்னமைப்பு படத்துக்கு 6 மெகாபிட்தான் வைக்கும். கட்டளையில் உங்கள் எண்ணை அதற்குப் பின்னால் எழுதுங்கள். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் இரண்டு தட்டாகப் பிரிப்பதே நல்லது.

கைப்பேசித் துண்டுகள் தனித் தலைவலி. ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும். முதலில் நிலையாக்காவிட்டால் 'வேல் வேல்' என்ற வாயும் சத்தமும் ஒட்டாது. 30 ஃபிரேமை 25 ஆக்கினால் ஆறில் ஒன்று விழுந்து படம் வெட்டிவெட்டிப் போகும். முழுவதும் கைப்பேசிப் படமென்றால் பால் முறை வேண்டாம், ஏறக்குறைய 30 ஃபிரேம் ஓடும் என்டிஎஸ்சி (NTSC) முறையில் 720×480 செய்யுங்கள். இங்குள்ள பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஏற்கும்.

மெனு போட டிவிடிஸ்டைலர் (DVDStyler) என்ற மென்பொருள் போதும். வீடியோ பண்புகளில் 'காப்பி' என்று வைக்காவிட்டால் அது மறுபடி சுருக்கி (என்கோட் செய்து), பட்ட பாட்டையெல்லாம் கெடுத்துவிடும்.

முதலில் அழித்து எழுதக்கூடிய ஒரு டிவிடி ஆர்டபிள்யூவில் எரித்து, பெரியவர்கள் பார்க்கும் அதே பிளேயரில் ஓட்டிப் பாருங்கள். பிறகு நல்ல தட்டில் 8 மடங்கு வேகத்தில், சரிபார்ப்போடு. காகித லேபிள் ஒட்டினால் தட்டு சமநிலை இழக்கும். மார்க்கரால் எழுதினால் போதும். பிளேயர் மஞ்சள் வயரில் மாட்டியிருந்து, காவி வேட்டியின் ஓரத்தில் புள்ளிகள் ஊர்ந்தால் தட்டைத் திட்டாதீர்கள். எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பின்பக்கம் பாருங்கள்.