பச்சையும் மஞ்சளும் இல்லாம அது என்ன டக்ஸ்?

ஓரிகன்ல ஃபால் சீசன் வந்துட்டா, சனிக்கிழமை மேட்ச்னா வியாழன் வெள்ளியிலேயே எல்லார் வாயிலயும் ஒரே கேள்விதான், இந்த வாரம் நம்ம காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் டக்ஸ் என்ன கலர்ல இறங்குறாங்க? எதிர் டீம் யாரு, யாருக்கு அடிபட்டிருக்கு எல்லாம் அப்புறம்தான். ஹெல்மெட் என்ன கலர், ஜெர்சி என்ன கலர், பேன்ட் என்ன கலர்னு டீம் வீடியோ போடும், அது வந்த கொஞ்ச நேரத்துல ஆஃபீஸ் காபி மெஷின் பக்கத்துல பஞ்சாயத்து கூடிடும்.

நாங்க 2014 ஆகஸ்ட்ல போர்ட்லேண்ட் பக்கத்துல இருக்கற ஹில்ஸ்பரோ வந்தோம். இன்டெல் இருக்கறதால இந்தப் பக்கம் தமிழ் ஆளுங்க நிறைய, பெத்தனி பக்கம் போனா மளிகைக் கடை பார்க்னு எங்க நின்னாலும் தமிழ் காதுல விழும், அதனால உள்ளூர் ஆளுங்க கூட வேலையைத் தாண்டி பேச ஒண்ணும் இல்லாமலே கொஞ்ச நாள் ஓடிடுச்சு. இந்த ஃபுட்பால் வந்துதான் அந்தக் கதவைத் திறந்துச்சு. இந்த மாநிலத்துக்குன்னு என்எஃப்எல், அதாவது தொழில்முறை ஃபுட்பால் லீக், டீமே கிடையாது, அதனால காலேஜ் டீம்தான் எல்லாமே. யூஜீன்ல இருக்கற ஓரிகன் யுனிவர்சிட்டியோட டக்ஸ் ஒரு கட்சி, கலர் பச்சையும் மஞ்சளும், கார்வாலிஸ்ல இருக்கற ஓரிகன் ஸ்டேட்டோட பீவர்ஸ் இன்னொரு கட்சி, ஒரே வீட்டுக்குள்ள புருஷன் பச்சை பொண்டாட்டி ஆரஞ்சுன்னு இருக்கறவங்களும் உண்டு.

நாங்க வந்த அந்த சீசன்தான் டக்ஸ் குவார்ட்டர்பேக் மார்கஸ் மரியோட்டா, காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரருக்குத் தர்ற ஹைஸ்மன் விருது வாங்கின சீசன், எப்பேர்ப்பட்ட நேரத்துல வந்து இறங்கியிருக்கோம் பாருங்க. 2015 ஜனவரி 1 ரோஸ் பௌல்ங்கற பெரிய மேட்ச்ல ஃப்ளோரிடா ஸ்டேட்டை 59-20ன்னு துவைச்சு எடுத்தாங்க, அப்புறம் ஜனவரி 12 டெக்சாஸ்ல நேஷனல் ஃபைனல், எதிர்ல ஓஹையோ ஸ்டேட். அதுக்கு வந்த யூனிஃபார்ம் வெள்ளையும் சாம்பலும். பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல! ஆஃபீஸ்ல ரெண்டு கோஷ்டி ஆயிடுச்சு. சின்னப் பசங்களுக்கு செம்ம கெத்து, வயசானவங்களுக்கு வயித்தெரிச்சல். மேட்ச் 42-20ன்னு தோத்தோம், தோத்ததுக்கு யூனிஃபார்ம் காரணம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தக் கோபம் இன்னிக்கும் ஆறல, எனக்கும்தான் ஆறல. வாழ்க்கையில ஒரு தடவை கிடைக்கிற மேடை, அதுல நம்ம கலரைக் கட்டிக்கிட்டுதான் நிக்கணும்.

எங்க பக்கத்து வீட்டு அம்மா ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர், யூஜீன்ல படிச்சவங்க. மேட்ச் அன்னிக்கு அவங்க போடறது ஒரு பழைய பச்சை ஸ்வெட்ஷர்ட், நெஞ்சுல யூவும் ஓவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னின பழைய லோகோ, மஞ்சள் எழுத்து பாளம் பாளமா வெடிச்சு ஓரமெல்லாம் உரிஞ்சு போயிருக்கும், மணிக்கட்டுல நூல் தொங்கும், ஆனா அதை மாத்தவே மாட்டாங்க. கதையெல்லாம் அவங்க சொல்லித்தான் தெரியும். ரொம்ப வருஷம் இந்த டீமை யாரும் பெருசா மதிச்சதில்லையாம். 1996 ஜனவரி 1 காட்டன் பௌல்ல கொலராடோ கிட்ட 38-6ன்னு அடி வாங்கினதுக்கு அப்புறம்தான் நைக்கி கம்பெனியை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஃபில் நைட், இதே யுனிவர்சிட்டில ஓடின பழைய மாணவர், டீமை மேல தூக்க என்ன வேணும்னு கேட்டு இறங்கியிருக்காரு. ஏர் ஜோர்டன் ஷூ டிசைன் பண்ண டிங்கர் ஹாட்ஃபீல்டும் இங்க படிச்சவர்தான். 1999ல பழைய லோகோ போய் இப்ப இருக்கற அந்த ஒத்தை ஓ வந்துச்சு, அதோட வெளிப்பக்கம் டக்ஸோட சொந்த மைதானமான ஆட்சன் ஸ்டேடியம் வடிவம், உள்பக்கம் ஹேவர்ட் ஃபீல்டு ஓட்டப்பந்தய டிராக். இதை அந்த அம்மா விரலால காத்துல வரைஞ்சு காட்டினாங்க. லோகோவை ஒத்துக்கிட்டாங்க, ஆனா 2012 ரோஸ் பௌல்ல விஸ்கான்சினை 45-38 ஜெயிச்சப்ப போட்ட கண்ணாடி மாதிரி பளபளன்னு இறக்கை வெச்ச ஹெல்மெட்டை மட்டும் இன்னும் மன்னிக்கல. எனக்கு அந்த ஹெல்மெட் ரொம்பப் பிடிக்கும், அதை மட்டும் அவங்ககிட்ட விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

பென் ஸ்டேட், அலபாமா மாதிரி டீம் வருஷக்கணக்கா ஒரே டிரெஸ்ல வர்றதுதான் பாரம்பரியம்னு சொல்றவங்க இங்கயும் இருக்காங்க. ஆனா ஓரிகனுக்குப் பாரம்பரியமே மாத்திக்கிட்டே இருக்கறதுதான். ஹைஸ்கூல் பசங்க இந்த டிரெஸ்ஸைப் பாத்துதான் இந்த டீமையே கவனிக்க ஆரம்பிச்சாங்க. 2013 அக்டோபர்ல பிங்க் ஹெல்மெட்ல இறங்கினாங்க, அதை ஏலம் விட்ட காசு புற்றுநோய் நிதிக்குப் போச்சு, இதையெல்லாம் எப்படிங்க குறை சொல்றது? எனக்கு இருக்கற ஒரே வருத்தம் ஒவ்வொரு புது டிசைனுக்கும் பசங்க புது ஜெர்சி கேக்கறது, அதோட விலை சாதாரணமா இல்ல, அதுவும் கறுப்பும் சாம்பலுமா வர்றதை எல்லாம் வாங்கித்தான் ஆகணுமா.

ஸ்லோகன் விஷயம் தனி. சிப் கெல்லி கோச்சா இருந்தப்ப கொண்டு வந்த 'வின் த டே', இன்னிக்குப் பொழுதை மட்டும் ஜெயி, நாளைக்கு உள்ளதை நாளைக்குப் பாத்துக்கலாம்னு. அவரு 2013லயே போயிட்டாரு, வாசகம் போகல, டீ ஷர்ட்ல இருக்கு, மீட்டிங்ல மேனேஜர் வாயில இருக்கு. விசா பேப்பர் இழுத்தடிச்ச அந்தக் குளிர்காலத்துல, நாலு மணிக்கே இருட்டி மழை விடாம பெய்யும்போது, என் மனைவி இதை ஃப்ரிட்ஜ்ல எழுதி ஒட்டி வெச்சா, எங்களுக்கு அது நிஜமாவே கை கொடுத்துச்சு.

ஆட்சன்ல முதல் மேட்ச் பாத்தது மழையில. ஐ-5ல ரெண்டு மணி நேரம் ஓட்டிக்கிட்டுப் போனோம், ஸ்டேடியம் 54,000 பேர் உக்கார்ற இடம், கூரை கிடையாது. எல்லாரும் பச்சை மஞ்சள் பான்ச்சோ போட்டு நனைஞ்சுக்கிட்டு நிக்கறாங்க, மைக்ல வானிலை சொல்லி முடிக்கறதுக்குள்ள மொத்தக் கூட்டமும் ஒரே குரல்ல "ஆட்சன் ஸ்டேடியத்துல மழையே பெய்யாது"ன்னு கத்துது! மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. பாயிண்ட் ஏற ஏற, மொத்த ஸ்கோர் எவ்வளவோ அத்தனை புஷ்-அப் டீமோட சின்னமான வாத்து வேஷம் போட்டவர் எடுப்பாரு, கூட்டம் சேர்ந்து எண்ணும், எங்க பையன் தொண்டை கட்டற வரைக்கும் எண்ணினான். முன் சீட்ல இருந்த முன்னப்பின்ன தெரியாத தாத்தா திரும்பி "ஸ்கோ டக்ஸ்"னு, அதாவது 'லெட்ஸ் கோ டக்ஸ்'னு, கையைத் தட்டிட்டுப் போனாரு. சூப்பர் மார்க்கெட்ல, பெட்ரோல் பங்க்ல, எங்க பச்சைத் தொப்பியோட போனாலும் இப்பல்லாம் இதான் வணக்கம்.

நேஷனல் டைட்டில் இன்னும் கைக்கு வரல. 2024ல பிக் டென்ங்கற காலேஜ் லீக்குக்கு மாறின முதல் சீசன்லயே 13 மேட்ச் வரிசையா ஜெயிச்சோம், கடைசில 2025 ஜனவரி 1 ரோஸ் பௌல்ல மறுபடியும் அதே ஓஹையோ ஸ்டேட் கிட்ட 41-21. மறுபடி ஒரு ஃபைனல் வரும், அன்னிக்குக் கரும்பச்சை ஜெர்சி, மஞ்சள் பேன்ட், பச்சை ஹெல்மெட்ல மஞ்சள் ஓ, அவ்வளவுதான் கேக்கறோம், வேற எந்த டிசைனும் அந்த ஒரு நாளைக்கு வேண்டாம். ஸ்கோ டக்ஸ்!