டோகமாக்கை நிறுத்துவது குழாய்தான்

லேசான அணுக்கருக்களைச் சேர்த்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு என்றாலே 15 கோடி டிகிரி வெப்பத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சூட்டில் மின்னேற்றமடைந்து பிளாஸ்மாவாகும் வாயுவை, டோகமாக் என்ற வளைய வடிவ இயந்திரத்தில் காந்தப்புலத்துக்குள் கட்டிவைக்கும் இயற்பியல் கடினம்தான், மறுக்கவில்லை. ஆனால் மணலியிலும் அத்திப்பட்டிலும் பாய்லர், பைப்லைன் வேலை பார்ப்பவர்கள் பார்த்ததும் புரிந்துகொள்ளும் சிக்கல் வேறு: வெல்டு, கசிவு, குளோரைடு. திட்டங்களை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

குஜராத்தில் காந்திநகர் பக்கம் இருக்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம் 1989இல் ஆதித்யா டோகமாக்கை ஓட்டியது. அதில் காந்தப்புலம் தருவது செம்புச் சுருள். மின்சாரம் ஏறியதும் சூடாகும், நீண்ட நேரம் ஓட்ட முடியாது; ஒவ்வொரு ஓட்டமும் மில்லி வினாடிக் கணக்கில்தான். நீண்ட நேரம் ஓட, கடுங்குளிரில் மின்தடையே இல்லாத மீகடத்திச் சுருள் வேண்டும். அதற்காகக் கட்டியதுதான் எஸ்.எஸ்.டி-1: நியோபியம்-டைட்டானியம் கம்பி, 4.5 கெல்வின் (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) ஹீலியம், வடிவமைப்பின்படி 10,000 ஆம்பியரில் 3 டெஸ்லா காந்தப்புலம். முதலில் பூட்டிக் குளிரூட்டியபோது ஹீலியம் கசிந்தது, வெப்பத் தடுப்புப் பலகைகளும் சரியாகக் குளிரவில்லை. 2009இல் செப்பனிடும் பணி தொடங்கியது. முதல் பிளாஸ்மா 2013இல்.

அறை வெப்பத்தில் தேறிய இணைப்பு குளிரில் ஏன் ஒழுகுகிறது? எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் 4 கெல்வினுக்கு இறங்கும்போது மீட்டருக்குச் சுமார் 3 மி.மீ. சுருங்கும். வளைவோ, மடிப்பு மடிப்பான பெல்லோஸோ வைத்து அதற்கு இடம் விடாவிட்டால், இழுவை மொத்தமும் வெல்டின் ஓரத்தில் போய் விழும். இன்னொரு பலவீனமான இடம், சுருளின் மின்சாரம் குழாய் வழியே ஓடாமல் தடுக்க இடையில் வைக்கும் மின்காப்புத் துண்டு. அங்கே உலோகமும் கண்ணாடியிழையும் சேர்கின்றன. இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. கசிந்த ஹீலியம், சுருள்களைச் சுற்றியுள்ள கலமான கிரையோஸ்டாட்டின் வெற்றிடத்தைக் கெடுக்கும், அதன் வழியே வெளிச்சூடு உள்ளே ஏறும், சுருள் மீகடத்தும் தன்மையை இழக்கும்.

சுருள்களின் ஜாயின்ட்டிலும் கணக்கு இறுக்கம். 1 நானோ ஓம் தடையே 10,000 ஆம்பியரில் 0.1 வாட் வெப்பம் தரும். 4.5 கெல்வினில் சேரும் ஒரு வாட்டை வெளியேற்ற, வெளியே சில நூறு வாட் செலவு.

அதனால் சோதனை வரிசையும் ரிஃபைனரியில் செய்வது போல் இருக்காது. குழாய்க்குள் ஆர்கன் வாயு ஓடவிட்டு (பர்ஜிங்) டிக் வெல்டு, எக்ஸ்ரே, உலர்ந்த வாயுவில் பிரஷர் டெஸ்ட். பிறகு திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்குக் குளிரவைத்து மறுபடி அறை வெப்பத்துக்குக் கொண்டுவருவது, இப்படிச் சில சுற்று. கடைசியில்தான் ஹீலியம் லீக் டெஸ்ட். விரிசல் தேடப் பூசும் டை பெனட்ரன்ட் சாயமும், நீர் அழுத்தச் சோதனையான ஹைட்ரோ டெஸ்டின் தண்ணீரும் நுண்துளையை அடைத்துக் கசிவை மறைத்துவிடும், ஆகவே அவற்றுக்குப் பிறகு நன்றாக உலர்த்தாமல் ஹீலியம் டெஸ்டுக்குப் போவதில் பயனில்லை. தேடுவது விநாடிக்கு 10⁻⁹ மில்லிபார் லிட்டர் அளவுள்ள கசிவை. அந்த வேகத்தில் ஒரு கன சென்டிமீட்டர் வாயு வெளியேற 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

குளோரைடு விஷயத்தை வட சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மீஞ்சூர் பக்கத்து உப்பு போர் தண்ணீரில் எஸ்.எஸ். பைப்பை ஹைட்ரோ டெஸ்ட் செய்து, அப்படியே வடியாமல் விட்டால், உப்பிலுள்ள குளோரைடு அரித்து விரிசல் விடும் என்று தெரிந்தவர்கள் நாம். பிரான்சில் இந்தியா உட்பட ஏழு தரப்பும் சேர்ந்து கட்டும் ஈட்டர் டோகமாக்கிலும் இதைப் போன்றதுதான் நடந்தது. வெப்பத் தடுப்புப் பலகைகளில் பற்றவைத்த குளிர்விப்புக் குழாய்களில் வெல்டுக்கு அருகே குளோரின் எச்சம் தங்கியிருந்தது. வளைத்ததாலும் பற்றவைத்ததாலும் வந்த இழுவிசை அதோடு சேர, 2.2 மி.மீ. ஆழம் வரை விரிசல். 2021 நவம்பரில் ஹீலியம் லீக் டெஸ்டில்தான் தெரியவந்தது. மொத்தக் குழாய் நீளம் சுமார் 23 கி.மீ.! அதே இயந்திரத்துக்கு ஹசீராவில் எல் அண்ட் டி செய்துகொடுத்த 3,850 டன் கிரையோஸ்டாட்டில் நம் வெல்டர்களின் உழைப்பு இருக்கிறது. அது எனக்குப் பெருமை.

எரிபொருளுக்கு வருவோம்: டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற இரண்டு கனமான ஹைட்ரஜன் வகைகள். டியூட்டீரியம் கவலையே இல்லை. காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை முழு அளவில் ஓடினால் ஒரு நாளில் 10 கோடி லிட்டர் தரும். அந்தத் தண்ணீரில் மட்டும் 3 டன்னுக்கு மேல் டியூட்டீரியம் உண்டு. டிரிட்டியம்தான் இடிக்கிறது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட். அந்த அளவு மின்சாரத்தை இணைவில் ஓராண்டு எடுக்க 100 கிலோ டிரிட்டியம் போல வேண்டும், உலகக் கையிருப்போ சில பத்து கிலோதான். கதிரியக்கத்தால் சிதைந்து பாதியாகக் குறைய 12.3 ஆண்டு போதும் என்பதால் சேர்த்துவைக்கவும் முடியாது. உலையின் சுவரிலேயே லித்தியத்தை நியூட்ரான் தாக்கி டிரிட்டியம் பிறக்க வேண்டும்.

அந்தச் சுவருக்காகக் கல்பாக்கம் ஆய்வு மையமும் ஹைதராபாத்தின் சிறப்பு உலோக நிறுவனமான மிதானியும் காந்திநகர் நிறுவனமும் சேர்ந்து ஓர் எஃகு உருவாக்கியிருக்கின்றன. மாலிப்டினத்துக்குப் பதில் டங்ஸ்டன், நியோபியத்துக்குப் பதில் டான்டலம். நியூட்ரான் பட்டாலும் நீண்டகாலக் கதிரியக்கம் குறைவாகவே மிஞ்சும். புதிய டோகமாக் அறிவிப்பைவிட முதலில் பணம் போக வேண்டியது இந்த எஃகின் சோதனைக்குத்தான் என்பது என் உறுதியான கருத்து. இணைவில் வரும் நியூட்ரானின் ஆற்றல் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட், அணுப்பிளவு உலைகளில் கிடைப்பதைவிட மிக அதிகம். அந்த அடியை ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்க்கும் வசதி இன்னும் எங்கும் ஓடவில்லை. ஸ்பெயினில் கிரனாடா அருகே ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.