கேசினோவில் யார் திமிங்கலம்?

ஓர் ஆட்டத்துக்கு லட்சம் டாலரை அசராமல் வைக்கிறவருக்கு கேசினோக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'வேல்'. அதாவது திமிங்கலம். பெரிய பந்தயம் வைப்பவருக்கு அமெரிக்காவில் அதைவிடப் பழைய சொல் 'ஹை ரோலர்'. 19ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது, பகடை உருட்டுவதிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். எல்லாத் திமிங்கலமும் ஹை ரோலர்தான். எல்லா ஹை ரோலரும் திமிங்கலமாகிவிட முடியாது.

பெயருக்குத் திமிங்கலத்தின் உடல் பருமன் ஒரு காரணம். இன்னொன்று போக்கர் சீட்டாட்ட மேசைப் பேச்சு: விவரமில்லாமல் தோற்கிறவன் அங்கே 'மீன்'. பணம் கொழுத்த மீன், திமிங்கலம். (விலங்கியல் ஆசிரியர்கள் மன்னிக்கவும்.) நம் 'திமிங்கிலம்' என்ற சொல்லுக்கோ, 'திமி' என்ற பெருமீனையே விழுங்குவது என்று பொருள். கேசினோவில் விழுங்கப்படுவதுதான் திமிங்கலம்.

ஒருவர் திமிங்கலமா என்பதை அவர் சொத்தை வைத்து முடிவு செய்வதில்லை. சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவின் சாதகம் (பந்தயப் பணத்தில் சராசரியாக அதன் பக்கம் சேரும் பங்கு) எத்தனை சதவீதம்: நான்கையும் பெருக்குவார்கள். இவர்களுக்குப் பிடித்த ஆட்டம் பக்காரா என்ற சீட்டாட்டம். 'பேங்கர்', 'பிளேயர்' என்ற இரண்டு பக்கங்களில் எது ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டுவது. அதில் 'பேங்கர்' பக்கம் கட்டினால் கேசினோவின் சாதகம் 1.06%, 'பிளேயர்' பக்கம் 1.24%. ஆட்டத்துக்கு 1 லட்சம் டாலர், மணிக்கு 70 ஆட்டம், 4 மணி நேரம் என்றால் மொத்தப் பந்தயம் 2.8 கோடி. 1.2% என்று வைத்தால் கேசினோ எதிர்பார்க்கும் வரவு 3,36,000 டாலர். அதில் ஒரு பங்குதான் இலவச அறை, சாப்பாடு, தனி விமானம் என்று ஆட்டக்காரருக்கே திரும்புகிறது. இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிக்கிற வேலை. ஜெயித்தாரா தோற்றாரா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், 280 ஆட்டம் மிகவும் குறைவு. எதிர்பார்த்த 3 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 15 லட்சம் மேலேயோ கீழேயோ போவது அங்கே சர்வசாதாரணம். சின்னப் பந்தயக்காரர்கள் ஆயிரம் பேர் ஆடினால் ஏற்றத்தாழ்வு ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரே ஆள் ஆடினால் சரிக்கட்ட எதுவுமில்லை. ஜப்பானியர் அகியோ காஷிவாகி, 1990 பிப்ரவரியில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் இருந்த டிரம்ப் பிளாசா கேசினோவில் சுமார் 60 லட்சம் டாலர் ஜெயித்துக்கொண்டு போனார். மே மாதம் திரும்பி வந்தார். ஆட்டத்துக்கு 2 லட்சம் வைத்து ஆடி, ஏறத்தாழ 1 கோடி தோற்றார். கேசினோவின் மருந்து அதுதான்: மறுபடி வரவழைத்து, நிறைய ஆட்டம் ஆடவைப்பது.

அந்த வரவழைக்கும் ஆசைதான் சில சமயம் வினையாகிறது. தோற்ற பணத்தில் 20% தள்ளுபடி தருகிறோம் என்பார்கள். 5 லட்சம் தோற்றால் 4 லட்சம் கட்டினால் போதும். 5 லட்சம் ஜெயித்தாலோ முழுதும் ஆட்டக்காரருக்கே. பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் கேசினோவின் சாதகம் அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கும்படி விதிகளைப் பேசி வாங்கி, தள்ளுபடி கிடைக்கும் அளவுக்குத் தோற்றதும் எழுந்துவிடுகிற ஆள் வந்தால் கணக்கு தலைகீழ். 2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலுமாக டான் ஜான்சன் என்ற அமெரிக்கச் சூதாட்டக்காரர் இப்படித்தான் அட்லாண்டிக் சிட்டியின் மூன்று கேசினோக்களில் சுமார் 1.5 கோடி டாலர் அள்ளினார். திமிங்கலம் என்று நினைத்துத்தான் அவருக்கு வலை விரித்தார்கள்.