அம்மாவின் புதன்கிழமை

அப்பா போன பிறகு அம்மா தென்காசி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். வயது 74. எவ்வளவு கூப்பிட்டும் சென்னைக்கு வர மாட்டேன் என்றுவிட்டார்.

2020 ஊரடங்கு சமயத்தில், அவரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர்கள் சிலர் ஜூமில் தம்போலா ஆட ஆரம்பித்தார்கள். ஒருவர் எண்களைக் கூப்பிட, மற்றவர்கள் தங்கள் டிக்கெட்டில் இருந்தால் குறித்துக்கொள்ளும் ஆட்டம். ஊரடங்கு முடிந்தும் ஆட்டம் நிற்கவில்லை. புதன்தோறும் மாலை நாலு மணி.

டிக்கெட் வாட்ஸ்அப்பில் படமாக வரும். மூன்று வரிசை, வரிசைக்கு 5 எண். அம்மா அதைப் பார்த்து, பழைய நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, 15 எண்களையும் எழுதிக்கொள்வார். எண் கூப்பிடக் கூப்பிட அதன்மேல் ஒரு புளியங்கொட்டை. ஒரு வரிசை நிரம்பினால் போதும், வாசல் வரை குரல் கேட்கும். காசு வைத்து ஆடுவதில்லை.

இலவசக் கணக்கு என்பதால் 40 நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். மறுபடி எல்லோரும் உள்ளே வரவேண்டும். போன மாதம் ஒரு டீச்சர் மட்டும் திரும்ப வரவில்லை. போனும் எடுக்கவில்லை. உடனே பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். சர்க்கரை இறங்கி, கட்டிலில் துவண்டு கிடந்தாராம். நல்லவேளை, இப்போது நன்றாக இருக்கிறார். இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. என் அம்மாவையும் அப்படித் தேட ஆள் இருக்கிறது என்ற நிம்மதி வேறு.

இன்று மூன்றே முக்காலுக்குக் கூப்பிட்டேன். "சரிம்மா, அப்புறம் பேசுறேன், இன்னும் கட்டம் போடல" என்று வைத்துவிட்டார்.