அப்ரைசல் படிவத்தில் எழுதப்படும் இலக்குகள்

அப்ரைசல் எனப்படும் பணி மதிப்பீட்டுக் காலம் வந்தால் டீமில் இருப்பவர்கள் எழுதித் தரும் தனிப்பட்ட இலக்குகளைப் படிப்பது என் வேலைகளில் ஒன்று. "தகவல் தொடர்புத் திறனை மேம்படுத்திக்கொள்வேன்", "தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வேன்" என்ற இரண்டும் தவறாமல் இருக்கும். படித்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக் கடைசியில் இது நிறைவேறியதா என்று கேட்டால், ஆமாம் என்றும் வாதாடலாம், இல்லை என்றும் வாதாடலாம். பெரும்பாலும் அன்றைக்கு மேனேஜர் இருக்கும் மனநிலைதான் அதை முடிவுசெய்யும்.

"உன்னால் முடிந்ததைச் செய்" என்று சொல்லப்பட்டவர்களைவிட, திட்டவட்டமான, கொஞ்சம் கடினமான இலக்கு தரப்பட்டவர்கள் நன்றாகச் செய்கிறார்கள் என்று உளவியலாளர் எட்வின் லாக் 1968-லேயே எழுதிவிட்டார். அதனால் 'தகவல் தொடர்பு' என்று யாராவது எழுதினால், எங்கே சிக்குகிறது என்று கேட்பேன். ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "வாராந்திரக் கூட்டத்தில் என் வேலையைப் பற்றி வேறு யாரோ பேசுகிறார்கள், நான் வாயே திறப்பதில்லை" என்றார். சரி, அந்தக் கூட்டத்தில் தன் பகுதியின் நிலவரத்தைத் தானே சொல்வது என்று இலக்கை மாற்றினோம். சொன்னாரா இல்லையா என்பது அறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும், வாதாட இடமில்லை.

தெளிவு மட்டும் இருந்தால் போதாது. "இந்த ஆண்டு பதவி உயர்வு பெறுவேன்" என்பதும் தெளிவானதுதான், காலக்கெடுகூட இருக்கிறது. ஆனால் காலியிடம், பட்ஜெட், மேலே இருப்பவர்களின் கணக்கு எதுவும் எழுதியவர் கையில் இல்லை. இன்று எல்லாப் பயிற்சி வகுப்புகளிலும் ஒப்பிக்கப்படும், நல்ல இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் 'ஸ்மார்ட்' (SMART) சூத்திரத்தை நிர்வாக ஆலோசகர் ஜார்ஜ் டோரன் 1981-ல் எழுதியபோது, அதன் ஐந்து அம்சங்களில் ஒன்றாக 'யார் பொறுப்பு' என்பதை வைத்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த இடத்தில் 'எட்டக்கூடியதா' என்பதைப் போட்டார்கள். எனக்கு டோரனின் கேள்விதான் உபயோகமாக இருக்கிறது. பதவி உயர்வை விட்டுவிட்டு, அந்தப் பதவியில் இருப்பவர் செய்யும் வேலைகளில் ஒன்றை இப்போதே முழுப் பொறுப்போடு எடுத்துச் செய்வதாக எழுதச் சொல்கிறேன். அதற்கு என் சம்மதம் மட்டும் போதும்.

புதிதாக ஒன்றைக் கற்கும்போது விஷயம் வேறு. வேலையே பிடிபடாத நிலையில் பெரிய எண்ணை இலக்காக வைத்தால், ஆள் பதற்றத்தில் குறுக்குவழி தேடுவார். லாக்குடன் பல காலம் சேர்ந்து ஆய்வு செய்த கேரி லேதமும் இதைச் சொல்லியிருக்கிறார்: சிக்கலான புது வேலையில், முடிவை விடக் கற்பதையே இலக்காக வைப்பது நல்லது. புது மென்பொருளுக்கு மாறியவரிடம் அறிக்கையைப் பாதி நேரத்தில் முடிக்கச் சொல்லாமல், ஒவ்வொரு அறிக்கையிலும் இதுவரை தொடாத ஒரு வசதியைப் பயன்படுத்திப் பார்க்கச் சொல்லலாம். வேகம் அப்புறம் வரட்டும்.

சீக்கிரம் முடித்துவிடுவேன் என்று தேதி கொடுப்பதில் எல்லாரும் தாராளப் பிரபுக்கள். எவ்வளவு நாளாகும் என்பதைக் குறைத்தே மதிப்பிடும் இந்த வழக்கத்தை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் விளக்கினார்கள். இதே மாதிரி வேலை போன தடவை உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று கேட்டால் எழுதிய தேதி தானாகத் தள்ளிப்போகும்.

ஆண்டின் நடுவில் புராஜெக்டே மாறிவிடுவதும் உண்டு. அப்போது அந்த இலக்கை அடித்துவிட்டு, காரணத்தை ஒரு வரியில் எழுதச் சொல்கிறேன். ஆனால் எங்கள் மென்பொருளில் 'கைவிடப்பட்டது' என்று ஒரு தேர்வே கிடையாது. 'நிறைவேறவில்லை' என்பதைத் தட்டிவிட்டு, கீழே உள்ள குறிப்புப் பெட்டியில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.