போல்ட்டனிலிருந்து லாக்ஸ்ஃபீல்டுக்கு: மாமனாரின் முன்னோரைத் தேடிய கதை

என் மாமனாருக்குத் தன் தாத்தா வரைக்கும்தான் தெரியும். அந்தத் தாத்தாவின் 1905ஆம் வருடத்துக் கல்யாணச் சான்றிதழ் வீட்டில் இருந்தது. கூடவே, "நாம ஆதியில இந்த ஊர்க்காரங்க இல்ல" என்று பாட்டி சொன்னதாக ஒரு பேச்சும் இருந்தது. குடும்பமே தலைமுறை தலைமுறையாக லங்காஷயரில், போல்ட்டன் நகரத்துப் பருத்தி மில்களில் வேலை பார்த்தவர்கள். அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி இங்கிலாந்துக்கு வந்த மருமகள் நான். வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள்.

இங்கே பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசு பதியத் தொடங்கியது 1837 ஜூலை 1ஆம் தேதி. அதற்கு முன் உள்ளவர்களைச் சர்ச் பதிவேட்டில்தான் தேட வேண்டும். இரண்டையும் இணைக்கும் பாலம் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுத்த சென்ஸஸ். நூறு வருடம் மூடி வைத்துத்தான் திறப்பார்கள் என்பதால் இப்போது பார்க்கக் கிடைப்பதில் கடைசி 1921. அடுத்ததுக்காகக் காத்திருப்பதிலும் பயனில்லை. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 சென்ஸஸ் 1942 தீ விபத்தில் எரிந்துவிட்டது. 1941இல் போர் காரணமாக எடுக்கவே இல்லை. காசு கட்டும் தளங்கள் இருக்கின்றன, ஆனால் முதலில் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களில் ஆன்செஸ்ட்ரி என்ற கட்டணத் தளத்தை இலவசமாகவே பார்க்கலாம். ஃபேமிலிசர்ச், ஃப்ரீபிஎம்டி என்ற தளங்கள் எப்போதுமே இலவசம்.

1911 சென்ஸஸ் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு முந்தையவற்றில் நாம் பார்ப்பது கணக்கெடுப்பவர் தன் நோட்டில் எடுத்து எழுதிய நகல். 1911இல் குடும்பத் தலைவர் தன் கையால் நிரப்பிய படிவமே இருக்கிறது. கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இறந்தவை எத்தனை என்றும் கேட்டிருக்கிறார்கள். மாமனாரின் தாத்தா பிறந்தவை நான்கு, இறந்தவை இரண்டு என்று எழுதியிருந்தார். அந்த இரண்டைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதே இல்லை. மாமனார் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து பத்துப் பத்து வருடமாகப் பின்னே போனால், தாத்தாவின் தாத்தா வில்லியம் வந்தார். குடும்பப்பெயரை இங்கே விட்டுவிடுகிறேன். 1851இல் அவர் பிறந்த இடம் வெறும் 'சஃபோல்க்'. 1861இல் 'சஃபோல்க், லாக்ஸ்ஃபீல்ட்'. 1871இல் 'நார்ஃபோக்' என்று பக்கத்து மாவட்டத்துக்கே போய்விட்டது. இப்படி மாறுவது சகஜம்தான், வயதும் கூடக் குறைய இருக்கும். ஊர்ப் பெயர் தெளிவாக இருக்கும் பதிவைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சரி, கிழக்குக் கோடியில் இருக்கும் விவசாயக் கிராமத்துப் பையன் வடமேற்கில் இருக்கும் மில் ஊருக்கு ஏன் வந்தான்? இதற்குப் பதில் எந்தச் சான்றிதழிலும் இல்லை. 1834இல் ஏழைகள் சட்டத்தை மாற்றியபோது, வேலையில்லாத விவசாயக் கூலிகளுக்குக் கிடைத்து வந்த உதவியைக் குறைத்தார்கள். அதே சமயம் லங்காஷயர் மில்களுக்கு ஆள் தேவைப்பட்டது, அதுவும் நிறையப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களாகப் பார்த்துக் கேட்டார்கள். 1835 முதல் 1837 வரை ஏழைகள் சட்ட ஆணையமே சஃபோல்க் போன்ற மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வடக்கே அனுப்பியது. பலர் லண்டன் வழியாகக் கால்வாய்ப் படகில் போனார்கள். நம் பக்கத்தில் கங்காணி தோட்டத்துக்கு ஆள் பிடித்ததைப் போலத்தான் எனக்குத் தோன்றியது. வில்லியம் குடும்பமும் இப்படி வந்ததா என்பதற்கு ஆதாரம், லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏழைகள் சட்டக் கடிதக் கட்டுகளில் கிடைக்கலாம். அதை இன்னும் பார்க்கவில்லை.

உண்மையான முடிச்சு லாக்ஸ்ஃபீல்டில்தான் விழுந்தது. இப்ஸ்விச்சில் சஃபோல்க் ஆவணங்கள் இருக்கும் 'தி ஹோல்ட்' கட்டடத்துக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தேன். 1813 முதல் அச்சடித்த படிவம் என்பதால் வாசிக்கச் சுலபம். பெற்றோர் பெயர், வீடு இருந்த இடம், அப்பாவின் தொழில் எல்லாம் இருக்கும். ஆனால் ஒரே குடும்பப்பெயரில் இரண்டு வில்லியம், இரண்டு வருட இடைவெளியில். இருவருக்கும் அப்பா ஜான், இருவரும் கூலி. அம்மாக்கள்தான் வேறு: ஒருத்தி சாரா, ஒருத்தி மேரி. நம் வில்லியமின் 1849 கல்யாணச் சான்றிதழில் அப்பா பெயர், தொழில் மட்டும் இருக்கிறது. இங்கிலாந்தில் கல்யாணப் பதிவில் அம்மாவின் பெயரையும் சேர்க்க ஆரம்பித்ததே 2021இல்தான்! எத்தனை லட்சம் பெண்கள் இப்படிக் காணாமல் போயிருப்பார்கள் என்று அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அவிழ்த்துக் கொடுத்தது ஒரு தங்கை. 1861இல் வில்லியம் வீட்டில் 'சகோதரி, மணமாகாதவர், விசைத்தறி நெசவாளி' என்று கெசியா இருக்கிறாள். வில்லியம், ஜான், மேரி எல்லாம் தெருவுக்குப் பத்துப் பேர். கெசியா பைபிளில் யோபுவின் மகள். அந்தப் பெயர் அபூர்வம். லாக்ஸ்ஃபீல்ட் பதிவேட்டில் 1831இல் அவளுக்கு ஞானஸ்நானம், பெற்றோர் ஜான், சாரா. அப்புறம் மேரியின் மகன் வில்லியமைத் தேடினால், 1851இலும் அவன் லாக்ஸ்ஃபீல்டிலேயே விவசாயக் கூலியாக இருக்கிறான். ஆக, அவன் நம் ஆள் இல்லை. ஒருவரைக் கண்டுபிடிப்பதோடு நிறுத்தாமல், மற்றவரைக் கழித்துக் கட்டவும் வேண்டும்.

அதுவரை கிடைக்காமல் இருந்த 1841 பதிவும் கெசியாவால்தான் வந்தது. குடும்பப்பெயரைக் காலியாக விட்டு, கெசியா, பத்து வயது, போல்ட்டன் என்று மட்டும் போட்டேன். வந்துவிட்டார்கள். குடும்பப்பெயரின் முதல் எழுத்தே மாறியிருந்தது. சஃபோல்க் உச்சரிப்பு லங்காஷயர்க்காரர் காதில் என்னவாக விழுந்ததோ. அந்த வருடக் கணக்கில் உறவுமுறை கிடையாது, பெரியவர்கள் வயதைப் பெரும்பாலும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியிருப்பார்கள். பிறந்த இடமும் 'இதே மாவட்டமா' என்ற கேள்வியோடு சரி. தனியாகப் பார்த்தால் எதையும் நிரூபிக்காத பக்கம். கெசியாவுக்குக் கீழே ஜார்ஜ் என்று ஒரு பொடியன், போல்ட்டனில் 1838இல் பிறந்தவன். அரசுப் பதிவாளரின் இணைய அட்டவணையில் பிறப்புக்கு எதிரே அம்மாவின் பிறந்தவீட்டுக் குடும்பப்பெயர் வரும். அப்படிச் சாராவின் பெயர் தெரிந்து, 1825இல் லாக்ஸ்ஃபீல்ட் சர்ச்சில் நடந்த அவளுடைய கல்யாணமும் கிடைத்தது. இருவரும் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள்.

1813க்கு முன்னால் போகப் போகப் பதிவேடு மெலிந்துவிடுகிறது. 'ஜான், தாமஸ்–எலிசபெத் மகன்', அவ்வளவுதான். இன்னும் பின்னே போனால் வருடக் கணக்கிலும் கவனம் வேண்டும்: 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1740 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1741. தாமஸ் வரைக்கும் வந்து நிறுத்திக்கொண்டேன். அவருக்கு அப்பாவாக இருக்கக்கூடியவர்கள் மூன்று பேர், பிரித்துச் சொல்ல ஓர் ஆதாரமும் இல்லை.

இணையத்தில் யாரோ போட்டுவைத்த குடும்ப மரங்களில் இதே தாமஸை ஒரு பிரபு வம்சத்தோடு கோர்த்திருக்கிறார்கள். மாமனாருக்கு அது பிடித்திருந்தது. அந்த மரத்தின்படி தாமஸின் அம்மா, தான் இறந்து நான்கு வருடம் கழித்து அவரைப் பெற்றிருக்கிறாள் என்று காட்டினேன்.